ரசம் போன கண்ணாடி

(‘இரவல் சொற்கள் நமக்கு வரவா, செலவா?’ என்ற தலைப்பில், ‘வரவே’ என்ற அணியில் பேசியது)



எதிரணித் தலைவர் ஒரு சவால் விட்டுட்டுப் போனார். ‘ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எடுங்க. அதைத் தமிழன் இரவல் வாங்கினதாலே லாபம்னு நிரூபிங்க’ன்னார். நடுவர் அவர்களே, நான் ஒரே ஒரு வார்த்தையோடதான் வந்திருக்கேன். அதுவும் இங்கிலீஷுக்கே சொந்தமில்லாத வார்த்தை. இங்கிலீஷ்காரன் லத்தீன்காரன்கிட்ட வாங்கினான், நாம இங்கிலீஷ்காரன்கிட்ட வாங்கினோம். பக்கத்து வீட்டு அம்மா இரவல் வாங்கின புடவையை, நம்ம வீட்டு அம்மா இரவல் வாங்கிக் கட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போன கதை! (சிரிப்பு)

அந்தச் சொல், மெர்க்குரி.

நான் வத்தலக்குண்டுக்காரன். அண்ணாந்து பார்த்தா கொடைக்கானல் மலை. எனக்கு எட்டு வயசு இருக்கும்போது எங்க வீட்டிலே தம்பிக்குக் காய்ச்சல். அம்மா தெர்மாமீட்டரை உதறினாங்க. கை தவறி அம்மிக்கல்லிலே பட்டு உடைஞ்சு போச்சு. தரையெல்லாம் வெள்ளி முத்து! தொட்டா ஓடுது, விரட்டினா பிரியுது, சேர்த்தா ஒண்ணாகுது. காய்ச்சல்காரத் தம்பி உட்பட நாங்க நாலு பேரும் தரையிலே படுத்து அதை உருட்டி விளையாடினோம். கடைசியிலே இங்க் பாட்டில் மூடியிலே பிடிச்சு, பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கிட்டுப் போய் மத்தப் பையன்களுக்குக் காட்டினேன். அன்னிக்கு நான்தான் வகுப்புக்கே ராஜா. ‘மெர்க்குரிடா, மெர்க்குரி’ன்னு பெருமையாச் சொன்னேன். அந்த வார்த்தைக்குள்ளே என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அடிச்சது எல்லாம் தெர்மாமீட்டரை உடைச்சதுக்குத்தான். அதைக் கையிலே எடுத்ததுக்கு யாருமே அடிக்கலே. இந்தச் செய்தியை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியிலே இங்கேதான் திரும்பி வருவேன்.

இப்போ அந்தச் சொல்லின் ஜாதகத்தைப் பார்ப்போம்.

ரோமாபுரியிலே மெர்க்குரியஸ் என்று ஒரு தெய்வம். கி.மு. 495லேயே ரோம் நகரத்திலே அந்தத் தெய்வத்துக்குக் கோயில் கட்டினார்கள் என்று அவர்களுடைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். காலிலே சிறகு, தலையிலே சிறகு. தேவர்களுக்குத் தூது போகிற சாமி. வியாபாரிகளுக்கும் அவர்தான் சாமி, வழிப்போக்கருக்கும் அவர்தான் சாமி, திருடர்களுக்கும் அவரேதான் சாமி! வியாபாரிக்கும் திருடனுக்கும் ஒரே சாமியை வச்சவன் எவ்வளவு விவரமானவன் பாருங்க! (சிரிப்பு, கைதட்டல்) சபையிலே வியாபாரிகள் இருந்தா மன்னிக்கணும், இது ரோமாபுரி வியாபாரியைப் பற்றின பேச்சு.

வானத்திலே வேகமா ஓடுகிற கிரகத்துக்கு ரோமானியர்கள் இவர் பெயரை வைத்தார்கள். சூரியனை 88 நாளிலே ஒரு சுற்றுச் சுற்றி முடித்து விடுகிற கிரகம் அது. நாம் அதைப் புதன் என்கிறோம். லத்தீனிலே மெர்க்குரியின் நாள் என்று சொன்னதுதான் பிரெஞ்சு மொழியிலே ‘மெர்க்ரெதி’ ஆயிற்று. அதுவும் புதன்கிழமைதான். அவனுக்கும் அதே கிரகம், நமக்கும் அதே கிரகம், கிழமையும் அதே கிழமை. புதன் சூரியனை விட்டு அதிகம் விலகுவதே இல்லை. அதனாலே அந்தி வெளிச்சத்திலேயோ விடியல் வெளிச்சத்திலேயோ கொஞ்ச நேரம்தான் கண்ணிலே படும். ‘பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது’ன்னு நம்ம பாட்டி சொன்னதுக்கு, அந்தக் கிரகத்தைக் கண்ணாலே பார்க்கிறது அபூர்வம்னு சில பேர் விளக்கம் சொல்கிறார்கள்.

அப்புறம் ரசவாதிகள் வந்தார்கள். ஐரோப்பாவிலே செம்பைத் தங்கமாக்குகிறேன் என்று கிளம்பிய கூட்டம். ஏழு உலோகத்துக்கும் ஏழு கிரகத்தைப் பங்கு போட்டார்கள். தங்கம் சூரியனுக்கு, வெள்ளி சந்திரனுக்கு, இரும்பு செவ்வாய்க்கு, ஈயம் சனிக்கு. நிக்காமல் ஓடிக்கொண்டே இருக்கிற இந்தத் திரவ உலோகத்தை, ஓடிக்கொண்டே இருக்கிற மெர்க்குரி தெய்வத்துக்கு எழுதி வைத்தார்கள். மற்ற உலோகங்களுக்கெல்லாம் கிரகத்தின் பெயர் ஒட்டவில்லை. இதற்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. 14ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலீஷிலே இந்த உலோகத்துக்கு மெர்க்குரி என்று பெயர் வழங்க ஆரம்பித்து விட்டது. அதற்கு முன்னாலே அவர்கள் வைத்திருந்த பெயர் ‘குவிக்சில்வர்’. ‘குவிக்’ என்றால் பழைய இங்கிலீஷிலே உயிருள்ளது என்று பொருள். உயிருள்ள வெள்ளி!

ஆக ஒரே சொல். சாமி, கிரகம், உலோகம் என்று மூன்று உருவம். நாலாவது உருவமும் உண்டு. நேரத்துக்கு ஒரு குணமாக மாறுகிற மனிதனை இங்கிலீஷ்காரன் ‘மெர்க்குரியல்’ என்பான். காலையிலே சிரிப்பார், மத்தியானம் எரிந்து விழுவார், ராத்திரி கொஞ்சுவார். எந்த வீட்டிலேன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கும் வீட்டுக்குப் போகணும். (சிரிப்பு)

இந்தச் சொல் தமிழ்நாட்டுக்கு வந்து என்ன ஆனது? தெருவிலே வெள்ளை வெளேரென்று எரிந்த விளக்கு மெர்க்குரி லைட் ஆனது. எழுத்தாளர் பாலகுமாரன் தம்முடைய நாவலுக்கு ‘மெர்க்குரிப் பூக்கள்’ என்று பெயர் வைத்தார். தலைப்பைக் கேட்டவுடனே யாரும் அகராதியைத் தேடி ஓடவில்லை. அவ்வளவு நம்ம சொல்லாகி விட்டது. டாக்டர் ‘ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது’ என்கிறாரே, அது என்ன 120? ரூபாயா, கிலோவா? அது 120 மில்லிமீட்டர் உயர மெர்க்குரி! உங்க ரத்தம் அந்த உலோகத்தை அவ்வளவு உயரத்துக்குத் தள்ளுகிற பலத்தோடு ஓடுகிறது என்று அர்த்தம். 1643இலே டாரிசெல்லி என்ற இத்தாலிக்காரர், காற்றின் அழுத்தம் ஒரு கண்ணாடிக் குழாயிலே 76 சென்டிமீட்டர் மெர்க்குரியைத் தாங்கி நிற்கிறது என்று கண்டார். அந்தக் குழாயை எடுத்துக்கிட்டுக் கொடைக்கானலுக்குப் பஸ் ஏறினீங்கன்னா, 7,000 அடிக்குப் போகும்போது அது 60 சென்டிமீட்டருக்குப் பக்கத்திலே வந்து நிற்கும். நாம மேலே ஏற ஏற, மெர்க்குரி கீழே இறங்கும். பெரிய மனுஷங்க குணம் மாதிரியே. (கைதட்டல்)

சரி, கொடைக்கானலுக்கு வந்தாச்சு. இந்த மலைக்கும் லத்தீனுக்கும் பழைய சொந்தம். 1845இலே அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கோடை வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி இங்கே வீடு கட்டிக்கொண்டார்கள். 1895இலே செண்பகனூரிலே இயேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி வந்தது. குருமாணவர்கள் லத்தீனைக் கரைத்துக் குடித்தாக வேண்டிய காலம் அது. அங்கே இருக்கிற அருங்காட்சியகத்திலே பூச்சிக்கும் பூவுக்கும் லத்தீன் பெயர்கள். 1899இலே சூரிய ஆய்வுக்கூடம் தொடங்கியது. சூரியப் புள்ளிகளிலே வாயு எப்படி வெளிநோக்கிப் பாய்கிறது என்று 1909இலே எவர்ஷெட் கண்டுபிடித்ததும் இந்த மலையிலேதான்.

ஆனா இந்த உலோகத்துக்கும் பழனி மலைக்கும் உள்ள சொந்தம், லத்தீன் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பித்தது. பழனி தண்டாயுதபாணி திருமேனியைப் போகர் என்ற சித்தர் நவபாஷாணத்தாலே செய்தார் என்பது மரபு. மேலே மலைக்குள்ளே பூம்பாறை குழந்தை வேலப்பர் திருமேனியும் போகர் கைவண்ணம்தான் என்று அந்த ஊர் மக்கள் சொல்வார்கள். பாஷாணம் என்றால் என்னங்க? விஷம். ஒன்பது விஷத்தை எடுத்து, ஒன்றை ஒன்றால் கட்டி, அசையாமல் நிறுத்தி, அதைத் தெய்வமாக்கினார் என்பது அந்தக் கதையின் உயிர்.

சித்தர்கள் பாதரசத்தை ரசம் என்றார்கள், சூதம் என்றார்கள். நம்ம வீட்டிலே ரசம்னா மிளகு ரசம், தக்காளி ரசம். சித்தர் வீட்டிலே ரசம்னா இதுதான். மாத்திக் குடிச்சா போச்சு! (சிரிப்பு) நாட்டு மருந்துக் கடையிலே வீரம், பூரம், லிங்கம் என்று சொல்வார்களே, மூன்றுமே பாதரசக் கலவைகள்தான். இதை வாங்கிச் சாப்பிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தயவுசெய்து சாப்பிடாதீர்கள். நான் சொல்ல வருவது வேறு. சித்தர்கள் ரசத்தைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வருகிற இரண்டு சொற்களைக் கவனிக்கணும். ஒன்று, சுத்தி. இன்னொன்று, கட்டு. ரசத்தைச் சுத்தி செய்யாமல் தொடாதே. ரசத்தைக் கட்டாமல் விடாதே. ரசமணி என்றால் கட்டிய ரசம். ஓடுகிற பொருளைக் கட்டிப் போடணும் என்ற எச்சரிக்கை, நம் சொல்லுக்குள்ளேயே இருந்தது.

லத்தீன் வழியாக வந்த சொல்லிலே எச்சரிக்கை இல்லையா என்று எதிரணி கேட்கலாம். இருக்கிறது. ரோமானியனின் மெர்க்குரிக்குக் கிரேக்கப் பெயர் ஹெர்மெஸ். காற்றுக்கூடப் புகாமல் இறுக்கி மூடுவதை இங்கிலீஷிலே ‘ஹெர்மெட்டிக்’ என்கிறார்கள். ஹெர்மெஸ் பெயரைத் தாங்கிய ரசவாதக் கலையிலே, கண்ணாடிக் குழாயை உருக்கி ஒட்டி மூடினார்களே, அதிலிருந்து வந்த சொல். அதாவது, அந்தத் தெய்வத்தின் ஒரு பெயர் உலோகத்துக்கு வந்தது. இன்னொரு பெயர் அதை அடைத்து வைக்கிற மூடிக்கு வந்தது! போகர் சொன்ன கட்டும் அதுதான், ஹெர்மெட்டிக் என்ற மூடியும் அதுதான். (கைதட்டல்)

ஏன் மூடணும்? இந்த உலோகம் சாதாரண வெப்பத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. மூச்சு வழியாக உள்ளே போய் மூளையையும் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கை நடுங்கும், ஈறு கெடும், தூக்கம் போகும், ஞாபகம் குறையும், காரணமில்லாமல் கோபம் வரும். ஐரோப்பாவிலே தொப்பி செய்கிறவர்கள் ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்பைக் கையாண்டார்கள். அவர்களிலே எத்தனையோ பேருக்குக் கை நடுக்கமும் புத்தி மாறாட்டமும் வந்தது. தண்ணீரிலே கலந்தால் இன்னும் மோசம். மீனுக்குள்ளே போய், வேறு உருவம் எடுத்து, மீனைத் தின்ற மனிதனுக்கு வரும். ஜப்பானிலே மினமாட்டா என்ற கடலோர ஊரிலே, 1956இலே அந்த நோய் வெளியே தெரிந்தது. கருவிலே இருந்த குழந்தைகள்கூடத் தப்பவில்லை.

இப்போது நம்ம மலைக்கு வருவோம். அமெரிக்காவிலே நியூயார்க் மாநிலத்திலே வாட்டர்டவுன் என்ற ஊரிலே ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. அது 1983இலே கொடைக்கானலுக்கு வந்தது. பாண்ட்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை. 1987இலே அது இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. இங்கே செய்த தெர்மாமீட்டர்கள் கப்பல் ஏறி வெளிநாடு போயின. மலையிலே வேலை கிடைப்பது சுலபமா? உருளைக்கிழங்கு, பூண்டு, டூரிஸ்டு, இதை விட்டால் வேறு என்ன? மாசச் சம்பளம், கம்பெனி வேலை. பெண் கொடுக்கிறவர்கள்கூட ‘மாப்பிள்ளை கம்பெனியிலே இருக்கார்’னு பெருமையாச் சொல்லியிருப்பார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

2001 மார்ச் மாதம். மூஞ்சிக்கல் பகுதியிலே ஒரு காயலாங்கடை. அங்கே சாக்கு சாக்காக உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி, பாதரசம் ஒட்டியபடி கிடந்தது. 7.4 டன்! ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் அதைக் கண்டுபிடித்து ஊர்வலமாகப் போனார்கள். அந்த மாதமே தொழிற்சாலை நின்றது. நடுவர் அவர்களே, போகர் கட்டச் சொன்ன பொருளை, கிரேக்கன் மூடச் சொன்ன பொருளை, சாக்கிலே போட்டுக் காயலாங்கடையிலே வைத்திருந்தார்கள்.

தொழிற்சாலைக்குப் பக்கத்திலே பாம்பாறு சோலை. சோலை என்றால் பாட்டிலே வருகிற பூஞ்சோலை இல்லை. மழையைக் குடித்து, வருஷம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக விடுகிற காடு. அங்கே பிறக்கிற தண்ணீர்தான் கும்பக்கரை அருவியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. மலையிலே சிந்தினது மலையோடு நிற்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் நடந்தது நீளமான கதை. 2003இலே சுமார் 290 டன் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. வெளிநாட்டுக் குப்பை இந்தியாவுக்கு வந்த கதைதான் நாம் கேட்டிருக்கிறோம். இங்கிருந்து திரும்பிப் போன கதை அபூர்வம். அது ஊர் மக்கள் வாங்கின வெற்றி. முன்னாள் தொழிலாளர்கள், எங்களுக்குப் போதிய பாதுகாப்பும் இல்லை, ஆபத்தைச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை, எங்கள் உடம்பு கெட்டுவிட்டது என்று சொன்னார்கள். 2006இலே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கம்பெனி தரப்பு, தொழிலாளர் யாருக்கும் பாதரசத்தால் பாதிப்பு இல்லை, ஆய்வுகள் அதைத்தான் சொல்கின்றன என்று மறுத்தது. 2011இலே மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் குழு, தொழிலாளர்களும் அவர்கள் குழந்தைகளும் பாதிக்கப்பட்டதற்கு முதல்நோக்கிலே ஆதாரம் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. 2015இலே சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் பாடின ராப் பாட்டு உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சிலே 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. 2001இலிருந்து 2016. பதினைந்து வருஷம்! மூடின அன்று பிறந்த குழந்தை பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டது. மண்ணைச் சுத்தம் செய்வதற்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று ஓர் அளவு வைத்தார்கள். காட்டோரத்துக்கு அது போதாது, இன்னும் குறைக்கணும் என்று சூழல் ஆர்வலர்கள் வாதாடினார்கள். 2018இலே கார்த்திக் சுப்புராஜ் ‘மெர்க்குரி’ என்று ஒரு படம் எடுத்தார். படம் முழுக்க ஒரு வசனம் கிடையாது. அந்தச் சொல்லை வைத்துப் படம் எடுத்தவருக்கு, பேச ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை.

இப்போது எதிரணி நண்பர் எழுந்திருக்கப் பார்க்கிறார். ‘பார்த்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க, இரவல் சொல் செலவைத்தானே கொண்டு வந்தது’ன்னு கேட்கப் போறார். உட்காருங்க ஐயா, பதில் சொல்றேன்.

மெர்க்குரி என்ற பெயரை, சரக்கு என்று பொருள்படுகிற ‘மெர்க்ஸ்’ என்ற லத்தீன் சொல்லோடு பலர் சேர்த்துச் சொல்கிறார்கள். அந்தக் குடும்பத்திலே பிறந்ததுதான் ‘மார்க்கெட்’, ‘மெர்ச்சண்ட்’, ‘காமர்ஸ்’ எல்லாம். அதே குடும்பத்திலே கூலி, வெகுமதி என்று பொருள்படுகிற ஒரு சொல்லும் உண்டு. அது பிரெஞ்சு மொழி வழியாக இங்கிலீஷுக்கு வரும்போது ‘மெர்ஸி’ ஆயிற்று. மெர்ஸி என்றால் இரக்கம், கருணை. பாருங்க, சரக்கு, சந்தை, வியாபாரி, கூலி, கருணை எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். கொடைக்கானலுக்கு மார்க்கெட் வந்தது. மெர்ச்சண்ட் வந்தார். மெர்க்குரியும் வந்தது. அந்த வீட்டிலே பிறந்த கடைசிப் பிள்ளை மெர்ஸி மட்டும் பதினைந்து வருஷம் தாமதமாக வந்தது! (நீண்ட கைதட்டல்)

இது சொல்லின் குற்றமா? சொல்லை நாம் பாதியாக வாங்கினதின் குற்றம். விளக்கு என்கிற பளபளப்பை வாங்கினோம். தெர்மாமீட்டர் என்கிற உபயோகத்தை வாங்கினோம். உள்ளே இருந்த ‘மூடி வை, கட்டி வை’ என்ற எச்சரிக்கையை வாங்கவில்லை. பாதரசம் என்ற நம்ம சொல்லையாவது முழுசா வச்சிருந்தோமா? அதுவும் இல்லை. கடையிலே துணி எடுத்தால் நூல் தெறிச்சிருக்கான்னு விரிச்சுப் பார்க்கிற நாம, சொல்லை வாங்கும்போது மட்டும் மடிச்சபடியே வாங்கிட்டு வந்துடறோம். விரிச்சுப் பார்த்து வாங்கினா இரவல் சொல் வரவு. மடிச்சபடி வாங்கினாத்தான் செலவு.

முழுசா வாங்கினால் என்ன லாபம் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. மினமாட்டா என்ற ஊர்ப் பெயரை உலகமே இரவல் வாங்கியது. 2013இலே பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கைக்கு மினமாட்டா உடன்படிக்கை என்று பெயர். இந்தியா 2018இலே அதை ஏற்று உறுதி செய்தது. அது ஜப்பானியச் சொல், நமக்கு இரவல் சொல். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் மீன் ஞாபகம் வரும், குழந்தை ஞாபகம் வரும், பயம் வரும். அது முழுச் சொல். அந்த மாதிரி, கொடைக்கானல் என்றால் ஏரியும் குறிஞ்சிப் பூவும் மட்டும் ஞாபகம் வந்தால் போதாது.

மணி அடிச்சுட்டாங்க. ஒரே நிமிஷம், நடுவர் அவர்களே. தாய்மார்களுக்கு ஒரு விஷயம். வீட்டிலே பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் முதலில் குழந்தைகளை வெளியே அனுப்புங்க. ஜன்னலைத் திறங்க. துடைப்பத்தாலே பெருக்காதீங்க, சின்னச் சின்னத் துளியாகச் சிதறும். கையிலே நகை இருந்தால் கழற்றிடுங்க, தங்கத்தோட அது சேர்ந்துக்கும். கெட்டி அட்டையாலே ஒன்று சேர்த்து, மூடி உள்ள பாட்டிலிலே போட்டு இறுக்கி மூடுங்க. மூடணும். அதுதான் முக்கியம்.

எங்க அம்மா இப்போது இல்லை. இருந்திருந்தால் இன்றைக்கு அவங்களிடம் போய், ‘அம்மா, அன்னிக்கு நீ தெர்மாமீட்டர் உடைஞ்சதுக்கு அடிச்சே, அது வேண்டாம்மா, அந்த முத்தை உருட்டினதுக்கு அடிச்சிருக்கணும்’னு சொல்லியிருப்பேன். பாவம், அவங்களுக்கு யார் சொன்னது? அவங்க கேட்டது வெறும் பெயரை மட்டும்.

எங்க ஊரிலே பழைய கண்ணாடியைப் பார்த்து ‘ரசம் போயிடுச்சு’ன்னு சொல்வாங்க. அந்தக் காலத்திலே கண்ணாடியின் முதுகிலே வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் பூசினதாலே வந்த பேச்சு அது. ரசம் போன கண்ணாடியிலே முகம் தெரியாது. வெறும் கண்ணாடிதான், அந்தப் பக்கம் தெரியும், நம்மைத் தெரியாது. அர்த்தம் போன சொல்லும் அப்படித்தான்.

கொடைக்கானலிலே குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கிறது. மேகம் இல்லாத நாளிலே அங்கே நின்றால், கீழே தூரத்திலே பழனி மலை தெரியும். மேலே ஒரு காலத்திலே கட்டாமல் விட்ட ரசம். கீழே கட்டி நிறுத்தியதாக மரபு சொல்கிற பாஷாணம். நடுவிலே சுமார் 65 கிலோமீட்டர் மலைப்பாதை. அடுத்த தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது, அந்த இடத்திலே அஞ்சு நிமிஷம் நிறுத்தி, ‘மெர்க்குரி’ என்ற அந்த இரவல் சொல்லை முழுசா விரிச்சு அவர்களிடம் சொல்லுங்க. சொன்னால் அது வரவு. சொல்லாமல் ஐஸ்கிரீம் மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு இறங்கினால் அது செலவு.

இரவல் சொற்கள் வரவே, வரவே!